விஷம் வைக்காத மருதையன்

அறுபத்தொன்பதில் குத்தாலம் பக்கம் நான் பயிர் நோய் பார்த்து யோசனை சொல்லும் கிராம சேவக்காக இருந்தேன். ஒரு சைக்கிளும் ஒரு பூதக்கண்ணாடியும்தான் சர்க்கார் எனக்குக் கொடுத்த ஆயுதங்கள். ஆட்சி மாறி இரண்டு வருடம் ஆகியும் வயல் தகராறு ஓயவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் பயிரைப் பார்க்கும் முன்பே வழக்குக் கேட்டு அலுத்துப்போகும்.

மருதையன் எனக்கு அப்படித்தான் பழக்கமானார். பண்ணையார் உலகநாதனின் எலுமிச்சங்கொல்லையை இருபத்திரண்டு வருடம் பார்த்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது; எந்த மரம் எப்போது பூக்கும் என்று தெரியும். அந்த வருடம் அறுப்புக் கூலிக்காக நடந்த வேலைநிறுத்தத்தில் அவரும் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு, பண்ணையாட்கள் குனிந்து சொல்லும் 'ஆண்டே'யை விட்டு 'ஐயா' என்று கூப்பிட ஆரம்பித்தார். பண்ணையாருக்குக் கறுவ அது போதாதா?

கொல்லையில் இலைகள் சுருண்டு கறுத்தன. மருதையன்தான் விஷம் வைத்துவிட்டான் என்று பண்ணையார் ஊரெல்லாம் சொன்னார். போலீசுக்கு ஆள் அனுப்பப் போவதாகவும் பேச்சு. மருதையன் மூன்று மைல் நடந்து என்னிடம் வந்தார்.

"நீங்க வந்து பாருங்க சார். எல்லாம் எறும்பு செய்யிற வேலை. மரத்தடியில மாவு போடாதீங்க, அடிமரத்துல கிரீசு தடவிடுறேன்னு போன வருசமே அம்மாகிட்ட சொன்னேன். 'பிள்ளையார் எறும்பைக் கொல்லச் சொல்றியா, பாவி'ன்னு திட்டிட்டாங்க."

அம்மா என்றால் பண்ணையாரின் மனைவி சௌந்தரநாயகி. வெள்ளிக்கிழமை தவறாமல் எறும்புக்கு அரிசிமாவு தூவுகிறவர்.

மறுநாள் கொல்லையில் பண்ணையாரும் அம்மாவும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் நின்றார்கள். சுருண்ட இலையைப் பிரித்தேன். உள்ளே அடையடையாக, சாறு உறிஞ்சும் செடிப்பேன். மேலே சின்னக் கறுப்பு எறும்புகள்.

"கட்டெறும்பா?" என்றார் பண்ணையார்.

"கட்டெறும்புன்னா இந்நேரம் என் கையைப் பதம் பார்த்திருக்கும். இது பிள்ளையார் எறும்புங்க."

கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன். எறும்பு மீசையால் பேனைத் தடவியது. பேன் ஒரு சொட்டு விட்டது. எறும்பு அதைக் குடித்தது. பேனைத் தின்ன வந்த பொறிவண்டை இரண்டு எறும்புகள் விரட்டின.

"இதுங்க காவல் இருக்கிறவரைக்கும் பேன் பெருகும். அது விடுற பிசின்லதான் கறுப்பு படியுது. யாரும் விஷம் வைக்கலைங்க."

பண்ணையார் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் விடுவாரா?

"இத்தனை வருசம் கொல்லையப் பார்த்தவன், இதை ஏன்டா சொல்லல?"

மருதையன் அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். மருதையன் என்னைப் பார்த்தார். எனக்கு அலுப்பாக இருந்தது. எறும்பைப் பார்க்கத்தானே வந்தோம், இவர்கள் சண்டை நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

"சொல்லாதது தப்புதாங்க ஐயா" என்றார் மருதையன்.

"அப்ப நாளைக்கே குடிசையைப் பிரிச்சுக்கிட்டுக் கிளம்பு."

குடிசை இருந்தது பண்ணை மனையில். மறுநாள் வாய்க்கால் மதகடியில் அவரும் மனைவி காத்தாயியும் மூங்கிலும் கீற்றும் சுமந்து வந்தார்கள். சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"அம்மாகிட்ட முன்னாடியே சொன்னதை அங்கயே சொல்லியிருக்கலாமே, மருதையா?"

அவர் குரலில் கோபம் இல்லை.

"நான் சொன்னா எடுபடுமாங்க? உங்க வாயைத்தான் சார் பார்த்துக்கிட்டு நின்னேன்."