ஒரு வருஷத்துக்கு ஒரு தட்டு

இந்த வருஷத்துக்கான என் ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பூன் லே வட்டாரத்தில் வளர்ந்த நான்கு பிள்ளைகள் சேர்ந்து போட்டது. முதல் பாட்டு கொஞ்சம் அலட்டல்தான். இரண்டாவதிலிருந்து சூடு பிடித்து, கடைசிப் பாட்டு வந்தபோது நான் லாரியை நிறுத்திவிட்டு, இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வேலையிடத்தில் ஆட்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும், முதலாளி நான்தானே.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு டிசம்பரிலும் இந்தக் கூத்து நடக்கும். படித்த பிள்ளைகள் ஆளுக்குப் பத்து ஆல்பம் போடுவார்கள். நான் ஒன்றே ஒன்று போடுவேன். "அங்கிள், டாப் டென் போடுங்க லா, ஒண்ணுதான் கேட்டீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். அவர்கள் பாதி கேட்டுத் தள்ளிவிட்ட ஆல்பங்களையும் முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாற்றாமல் கேட்டவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனாலும் புக்கிட் பாத்தோக் பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள், எத்தனை வீட்டுச் சுவரில் என் கம்பெனி மாட்டிய ஏர்கான் தொங்குகிறது என்று. கேட்டுக் கேட்டே தொழிலைக் கற்றேன். மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். அந்தக் காது எனக்குப் புக்கிட் மேராவில் வந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே எங்களுக்கு ஓரறை வீடு. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, நான்கு பேர். அப்பாவுக்கும் மாமாவுக்கும் துறைமுகத்தில் வேலை. மாமா தன் சம்பாத்தியத்தில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருந்தார். அந்த மாடியில் வேறு யாரிடமும் இல்லை. அதனால் மாமா நடக்கும்போதே நெஞ்சு முன்னால் போகும், கால் பின்னால் வரும். இசைத்தட்டுகளை வைக்க, துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு மரப்பெட்டி. அது நிறைந்து, கட்டிலுக்கு அடியில் போய், அங்கிருந்து அரிசி டின்னுக்குப் பின்னால் போனதும் அம்மா ஒரு சட்டம் போட்டாள்.

"ஒரு வருஷத்துக்கு ஒரு தட்டுதான் இந்த வீட்டுல இருக்கணும். மத்ததைக் கடைக்குத் திருப்பிடுங்க. இல்லன்னா நானே காரங்குனிக்காரரைக் கூப்பிட்டு அள்ளிக் கொடுத்துடுவேன்."

பழைய சாமான் வாங்க வரும் காரங்குனிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு வாரந்தோறும் வருபவர். அம்மா சொன்னால் செய்வாள். எனவே வருஷக் கடைசி நாள் மாலையில், வீட்டில் அந்த வருஷம் வந்த தட்டுகளை எல்லாம் போட்டுக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வழக்கமானது. மற்றவை மறுநாள் சிராங்கூன் சாலைக் கடைக்கு மாற்றுக்குப் போய்விடும். அப்பாவுக்கு ஒரு ஓட்டு, மாமாவுக்கு ஒரு ஓட்டு. எனக்குப் பத்து வயதான வருஷம் எனக்கும் ஓட்டு கிடைத்தது. நான் கேட்டு வாங்கினேன். சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்து வாங்கினேன் என்பதுதான் சரி.

காரணம், அந்த வருஷம் என்னிடம் ஒரு தட்டு இருந்தது. மாமாவோடு சிராங்கூன் சாலைக் கடைக்குப் போயிருந்தபோது, மழைத்தண்ணீர் பட்டு உறை உப்பிப்போன ஒரு ரெக்கார்டைக் கடைக்காரர் என் கையில் திணித்தார். "எடுத்துக்க தம்பி. படமும் ஓடல, இதுவும் ஓடல. இடத்தை அடைச்சிக்கிட்டுக் கிடக்கு."

மாமா அன்றிலிருந்து அதற்கு வைத்த பெயர் 'ஓசித் தட்டு'. அவருக்கு என்ன தெரியும்? அதன் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பாட்டு. ஒரு பெண் பாடிக்கொண்டே வருவாள். நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். ஒன்றுமே இருக்காது. பிறகு அவள் மூச்சு இழுப்பது கேட்கும். ஒரு மனுஷி தட்டுக்குள் உட்கார்ந்து மூச்சு விடுகிறாள்! அதற்கப்புறம் பாட்டு மறுபடி எழும்பும். அந்த மூச்சுக்காகவே நான் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்தேன். இதைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதாவது! வீட்டைவிட்டு நான் போனாலும் போவேன், அது போகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

எதிரிகள் இரண்டு பேர். மாமாவின் தட்டு அந்த வருஷம் ஊரையே கலக்கிய படத்துடையது. சிராங்கூன் சாலையில் இந்த முனையில் ஏறி அந்த முனையில் இறங்குவதற்குள் அதன் முதல் பாட்டை எல்லாக் கடையிலும் கேட்டுவிடலாம். அப்பாவுடையது நாதஸ்வரத் தட்டு. அதை வேண்டாம் என்று சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று எனக்கே பயமாக இருந்தது. ஆளுக்கு ஒரு ஓட்டை அவரவர் தட்டுக்கே போடுவார்கள் என்பது நிச்சயம். அப்படிச் சமமானால் தீர்ப்புச் சொல்வது பக்கத்து வீட்டு மக்சிக். வயதான மலாய் அம்மையார். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் பாரபட்சம் இருக்காது என்பது அப்பாவின் கணக்கு.

என் கணக்கு வேறு. தெரியாத பாட்டு யாருக்குப் பிடிக்கும்? பழகினால்தானே பிடிக்கும். ஆகவே மக்சிக்கைப் பழக்குவது என்று இறங்கினேன். எனக்குக் காலைப் பள்ளி. மதியம் அப்பாவும் மாமாவும் வேலையில் இருப்பார்கள். பிளேயரை மக்சிக் வீட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து, என் தட்டை ஓட்டுவேன். அம்மா சமையலறையில் பாத்திரம் தேய்ப்பாள். "சத்தத்தைக் குறைடா" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. என் உறுதியைப் பார்த்து அம்மாவே அடங்கிவிட்டாள் என்று எனக்குள் ஒரு பெருமை.

அந்த மாலை வந்தது. அம்மா ஓரமாக உட்கார்ந்து, இக்கான் பிலிஸ் என்னும் நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். மாமா முதலில் தன் தட்டைப் போட்டார். முதல் பாட்டு அமர்க்களமாக முடிந்தது. உடனே ஊசியைத் தூக்கி நான்காவது பாட்டுக்கு நகர்த்தப் போனார்.

"தூக்கக்கூடாது!" என்று கத்தினேன்.

"என்னடா மாப்ளே, பெரிய ஜட்ஜு. நடுவுல ரெண்டும் சுமார்டா. நேரம் ஆகுதுல்ல?"

"சுமாரையும் கேக்கணும். ஆல்பம்னா முழுசாத்தான் மாமா."

அப்பா சிரித்தார். "அவன் சொல்றது நியாயம்தானே மச்சான். மொத்தத் தட்டையும்தான வீட்டுல வெக்கப்போறோம்?"

ஊசி இறங்கியது. ஒரு நல்ல பாட்டை வைத்துக்கொண்டு மீதியை எப்படி ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று அன்றைக்கு அந்த வீடே கேட்டது. மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து நாதஸ்வரம். குறை சொல்ல முடியாது. ஆனால் அப்பாவே இரண்டாம் பக்கத்தில் கண் அசந்துவிட்டார். பிறகு என்னுடையது. அந்த மூச்சு வந்தபோது நான் எல்லார் முகத்தையும் பார்த்தேன். மாமா காதைக் குடைந்துகொண்டிருந்தார். அம்மா முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுப் போட்டோம். மாமா தன் தட்டுக்கே போட்டார்; ரோஷக்காரர். அப்பா நாதஸ்வரத்துக்கு, நான் எனக்கு. நான் ஓடிப்போய் மக்சிக்கைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினோம். என் முறை வந்தபோது நான் எதைப் போட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பாட்டு தொடங்கியதுமே மக்சிக் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"இனி லா, இனி!" என்றார். இதுதான், இதுதான் என்று கையை நீட்டினார்.

நான் குதித்தேன். மக்சிக் மலாயில் மேலே பேசிக்கொண்டே போனார். அது எனக்கும் நன்றாகப் புரிந்தது. அந்த மாடியில் வளர்ந்த பிள்ளைக்கு மலாய் தெரியாமல் இருக்குமா? "இது உன் அம்மாவோட பாட்டு ஆச்சே தம்பி. மதியம் ஆனா சுவருக்கு அந்தப் பக்கம் பாடுவா. நடுவுல ஒரு இடம் இருக்கு பாரு, அங்க பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்னுபோகும். நானும் கையில இருக்கற வேலையை நிறுத்திடுவேன். அப்புறம் அவ பாடுவா. ரேடியோவுல வர்றவளைவிட நல்லாப் பாடுறா."

முறத்தில் அம்மாவின் விரல்கள் அசையாமல் இருந்தன. பிறகு, "மக்சிக்குக்கு டீ போடறேன்" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மாமா ஏதோ கேலி பேச வாயெடுத்தார். "அக்கா பாடுமா?" என்றதோடு நிறுத்திக்கொண்டார். அப்பா சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் நாதஸ்வரத் தட்டைத் துடைத்து உறையில் போட்டு, கடைக்குப் போகும் பையில் வைத்தார். "அதுவே இருக்கட்டும்" என்றார். அவர் குரல் ஏன் அப்படி இறங்கியிருந்தது என்று நான் யோசிக்கவில்லை. தோற்றவர் குரல் இறங்கத்தானே செய்யும்? நான் என் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன்.

என் திட்டம் ஜெயித்தது, சுவர் வழியாகவே மக்சிக்கை மடக்கினேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தக் கதையைச் சொல்லியே பிற்காலத்தில் எத்தனையோ காண்ட்ராக்ட் பிடித்திருக்கிறேன். விடாமல் நின்றால் கிடைக்கும் என்பதற்கு என்னைவிட யார் சாட்சி?

அடுத்த வருஷமும் மூன்று ஓட்டுதான். அதற்கு அடுத்த வருஷமும். ஒரே ஒரு தட்டுதான் இருக்கலாம் என்று சட்டம் போட்டவளிடம், எது இருக்கட்டும் என்று கேட்க எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

அந்த மாலைக்குப் பிறகு, மதியம் நான் அந்தத் தட்டை வைத்தால் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெயித்தபிறகும் இதையே ஓட்டுகிறானே என்று எரிச்சல்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, சத்தத்தை இன்னும் கூட்டிவைத்தேன். நடுவில் வாத்தியமெல்லாம் நிற்கும் அந்த இடத்துக்காகப் பிளேயர் பக்கத்திலேயே குனிந்து உட்கார்ந்திருப்பேன். எழுந்துபோய், அந்த நேரம் மூடிய கதவில் காதை வைத்துப் பார்க்க வேண்டும் என்று பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.