சீர்திருத்தத்தின் தேநீர்

கண்ணாடியை எதிரில் இருப்பவரின் முகத்தில் மாட்டிவிட்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்து பார்க்கிறார். கழற்றி, மூக்கில் படியும் இடத்தை இடுக்கியால் மயிரிழை விலக்கி, மறுபடி மாட்டுகிறார். "உறுத்துதா? உறுத்தினா சொல்லிடுங்க. மரியாதைக்காக வலியைத் தாங்காதீங்க." மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பதும் பொருத்துவதும் அவர் வேலை.

தேவாலயச் சபையில் அவருக்குப் பட்டப்பெயர் 'சீர்திருத்தம்'. ஞாயிறு காலையில் பெரியவர்களுக்கு வேதபாடம் நடத்துகிறார். எந்த அதிகாரத்தைத் திறந்தாலும் ஐந்நூறு வருடம் பின்னால், திருச்சபைச் சீர்திருத்தக் காலத்தில் போய் நிற்பார். பாவமன்னிப்புச் சீட்டு விற்றவர்களை, நேற்றுத்தான் தெருமுனையில் பார்த்துவிட்டு வந்தவர் போலத் திட்டுவார். இன்று ஜெப எண்ணெயைப் புட்டியில் அடைத்து விற்பவர்களுக்கும் அந்தத் திட்டில் பங்கு உண்டு. "கடவுள்கிட்ட பேரம் பேசாதீங்க. கிருபைக்கு விலை எழுதி ஒட்ட முடியாது."

தேநீர் வந்தால் மட்டும், சர்க்கரை வேண்டாம் என்று கையைக் காட்டுவார். நீரிழிவு என்று கடையில் நினைத்தார்கள். அவர் மறுத்ததில்லை.

விஷயம் வேறு. மகளுக்குச் சிறுவயதில் இருதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அறைக்கு வெளியே நின்றபடி, பிள்ளை பிழைத்தால் இனிப்பைத் தொடுவதில்லை என்று கடவுளிடம் நேர்ந்துகொண்டு பொருத்தனை செய்தார். பிழைத்தாள். வளர்ந்து வேலைக்கும் போகிறாள். பொருத்தனை முடியவில்லை. அது மனைவிக்கு மட்டுமே தெரியும்.

சபை ஆண்டுதோறும் நினைவுகூரும் சீர்திருத்த ஞாயிறன்று, விசுவாசம் ஒன்றே போதும் என்று தொண்டை கட்டும்வரை பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி தேநீரை முன்னால் வைத்தார்.

"ஊருக்கெல்லாம் கிருபை. உங்களுக்கு மட்டும் மாசத் தவணை."

மகள் சிரித்தாள். "என்னம்மா தவணை?"

அம்மா சொல்லிவிட்டார். சிரிப்பு நின்றது.

"அப்போ நான் கடவுள் கொடுத்த பிள்ளையா, நீங்க விலைக்கு வாங்கின பிள்ளையாப்பா?"

"அப்படி இல்லம்மா. தப்புன்னு தெரியாமலா இருக்கு? வகுப்புல நான்தானே சொல்றேன்." குரலைத் தாழ்த்தினார். "நிறுத்திட்டு, உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"என்னைக்காவது ஆகத்தான் போகுது. அன்னைக்கு, நான் ஒரு மிட்டாய் தின்னதாலதான் மக போயிட்டான்னு அழுவீங்களா? இத்தனை வருஷமா என் உயிரை உங்க நாக்குல கட்டி வச்சிருக்கீங்க."

மகள் சர்க்கரையைக் கரண்டியில் அள்ளிப் போட்டுக் கலக்கினாள். மனைவி அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"குடிங்கப்பா. எனக்காக இல்ல. சும்மா."

அவர் இடக்கையால் மகளின் மணிக்கட்டைப் பற்றி, நாடி துடிக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். வலக்கையால் கோப்பையை எடுத்தார். அடிவரை குடித்து, கோப்பையைக் கீழே வைத்தார். விரலை எடுக்கவில்லை.