சாமி மாடத்தில் அம்மாவின் போன்

எங்கள் வீட்டில் அப்போது இருந்தது ஒரே போன், அதுவும் அம்மாவுடையது. செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் அறை கூட்டி, விரிப்புகள் துவைக்கும் வேலை அவளுக்கு. சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். செருப்பைக் கழற்றுவதற்குள் நானும் தம்பியும் அவள் பையிலிருந்து போனை உருவிவிடுவோம். அதற்குப் பிறகு எங்களுக்குச் சோறும் வேண்டாம், பாடமும் வேண்டாம்.

பூட்டு எண் போட்டுப் பார்த்தாள். அவள் விரல் போகும் போக்கைப் பார்த்தே தம்பி கண்டுபிடித்தான். அரிசி டப்பாவுக்குள் ஒளித்தாள். அது உள்ளேயிருந்து அடித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். கடைசியில் ஒருநாள் போனைச் சாமி மாடத்தில், அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

"பாடம் எழுதிட்டு, கை கால் கழுவிட்டு எடுங்க. அரை மணி நேரந்தான். வெளக்கு ஏத்திட்டா நீங்க ரெண்டு பேரும் தொடக்கூடாது. தொட்டா சாமி பாத்துக்கும்."

ஊரையே காக்கிறவருக்கு இந்த வேலையும் சேர்ந்தது. நாங்கள் நிஜமாகவே பயந்தோம். குளிக்கக் கூப்பிட்டால் தெருக்கோடிக்கு ஓடுகிற தம்பி, சொல்லாமலேயே கால் கழுவினான்.

மாதத்தில் மூன்று நாள் அம்மா சாமி பக்கம் போகமாட்டாள். சட்டம் போட்டபோது அதை அவள் யோசிக்கவில்லை. அப்படி ஒரு நாள் நான்தான் விளக்கேற்றினேன். சற்று நேரத்தில் விபூதித் தட்டு அதிர போன் அடித்தது. கீழ்பென்னாத்தூர் சித்தி. அந்த நேரத்துக்கு அவள்தான் தினமும் கூப்பிடுவாள்.

"பாப்பா, அத எடுத்துக் குடும்மா."

"வெளக்கு ஏத்தியாச்சே. நாங்க தொடக்கூடாதுனு நீதான சொன்ன?"

திட்டுவாள் என்று நினைத்தேன். "ஆமா, நாந்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். ஒருமுறை தளர்த்தினால் மறுநாள் எங்களைப் பிடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உலை வைத்தாள்.

இப்போது நானும் வேலை முடிந்து, கால் கடுக்க வீடு திரும்புகிறவள். அன்றைக்கு நான் அம்மாவையே மடக்கிவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். ஒரு நாளில் அவளிடம் "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்பது அந்த ஒரு குரல்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.