கடல் விட்டுப்போன தரை

சிப்போரா பக்கத்துத் தீவான சிம்போவில் பிறந்தவள். எல்கானாவைக் கட்டிக்கொண்டு ரனொங்காத் தீவுக்கு வந்தாள். பிள்ளை பிறக்கவில்லை. வீட்டுக்கு எதிரே, அலை அடங்கிய இடத்தில், இடுப்பளவு நீரில் பெருஞ்சிப்பிகளை வளர்த்தாள். தூரத்துப் பாறைகளிலிருந்து கையகலக் குஞ்சுகளாகத் தோணியில் கொண்டுவந்து, பாறையிடுக்கில் மணல் பார்த்து உட்கார வைப்பாள். கல்யாணமான புதிதில் வைத்தவை இப்போது ஒரு ஆளால் தூக்க முடியாத அளவுக்குப் பெருத்திருந்தன. காற்றுக் காலத்தில் யாருக்கும் மீன் அகப்படாதபோது ஒன்றை அறுப்பாள். ஊருக்கே ஆளுக்கொரு துண்டு போகும். தின்ற வாயாலேயே பெண்கள் கேலி பேசுவார்கள்.

"சிப்போரா, உன் ஊமைப் பிள்ளைங்க தூங்கிருச்சா?"

"உன் பிள்ளைங்க வாயைத் தொறந்தா சோறு கேக்குது. என்னுதுங்க வாயைத் தொறந்தா சோறு போடுது. போடி," என்பாள்.

அன்று காலை எல்கானா மலைச்சரிவில் இருந்த தோட்டத்துக்குப் போயிருந்தான். அவள் சிப்பிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். காலடியில் பாறை உதைத்தது. விழுந்து எழுவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது; பிறகு கணுக்காலுக்கு; பிறகு ஈரப் பாறைதான் மிச்சம். கடல் பின்வாங்கினால் திரும்பிவந்து அடிக்கும் என்று பயந்து மேட்டைப் பார்த்து ஓடினாள். ஓடுகிறபோதே, மலையின் ஒரு பக்கம் மரங்களோடு வழிந்து இறங்குவது தெரிந்தது. எல்கானாவின் தோட்டம் அந்தப் பக்கம்தான்.

கடல் திரும்பி வரவேயில்லை. உண்மையில் அது எங்கும் போகவில்லை, தீவுதான் எழும்பியிருந்தது. அது புரிய ஊருக்குச் சில நாளாயிற்று. அதே நிலநடுக்கத்தில் கிளம்பிய அலை சிம்போவில் அவள் பிறந்த ஊரை வழித்துக்கொண்டு போன செய்தியும் அதற்குள் வந்துவிட்டது. உயிர் தப்பிய தம்பி, மேட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருப்பதாகவும், இப்போதைக்கு அக்கா வர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தான்.

எல்கானாவைத் தேடி ஆண்கள் கத்தியாலும் கையாலும் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலேயிருந்து மண் சரிந்தது. இன்னொரு உயிர் போக வேண்டாம் என்று ஊர்த் தலைவர் நிறுத்தச் சொன்னார். போதகர் சரிவின் அடியில் நின்று ஜெபம் செய்தார். சிப்போரா அழவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது.

அவள் சிப்பிகளிடம் போனாள். வெயிலில் அவை வாய் பிளந்து கிடந்தன. சதை ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. சின்னவற்றை நனைத்த சாக்கில் கட்டிச் சுமந்து, புதிய கரையோரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே இறங்கினதுமே ஆழம். வைத்ததையெல்லாம் அலை உருட்டிக்கொண்டு போயிற்று. பெரியவற்றை அசைக்கவே முடியவில்லை. பாறை முழுக்க மீனும் நண்டும் சிப்பியும் அழுகி, அந்த நாற்றம் வாரக்கணக்கில் சோற்றுக்குள்ளும் இருந்தது.

நாற்றம் அடங்குவதற்குள், எல்கானாவின் தம்பி அமோஸ் அந்தப் பாறையில் குழி வெட்டித் தென்னங்கன்று வைக்கத் தொடங்கினான். சிப்போரா போய்க் கேட்டாள்.

"அண்ணி, கடலா இருந்தவரைக்கும் நீங்க பொறுக்கினீங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. இப்ப இது தரை. தரை எங்க வழிச் சொத்து," என்றான்.

"நான் பொறுக்கல அமோஸ். வளத்தேன்."

"வளத்ததுதான் செத்துப்போச்சே."

ஊர்க்கூட்டத்தில் தலைவரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். எல்கானா இல்லை, வாரிசும் இல்லை. புதுத் தரை அமோஸுக்கு. குடியிருக்கும் குடிசையில் சாகும்வரை அவள் இருந்துகொள்ளலாம். பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

வயிற்றுக்கு வழி வேண்டும். யாரும் கால் வைக்க அஞ்சிய மண்சரிவில் ஏறி மரவள்ளிக் குச்சி நட்டாள். புரண்ட மண் அல்லவா, கிழங்கு தொடை பருமனுக்கு இறங்கியது. பிணத்தின் மேல் விளைந்தது என்று ஊரில் ஒருவரும் தொடவில்லை. கோயில் விருந்துக்கு அவள் கொண்டுபோன கூடை போன மாதிரியே திரும்பி வந்தது.

அடுத்த வறட்சியில் அமோஸின் கன்றுகள் மஞ்சளாகிக் கருகின; பாறைக்குள் வேருக்கு ஒன்றுமில்லை. மனைவி பிள்ளைகள் பட்டினி. அவனே வந்து, சரிவில் ஏறாமல் விளிம்பிலேயே நின்றான். அவள் ஒன்றும் கேட்காமல் ஒரு கூடை கிழங்கைக் கொண்டுவந்து அவன் கால்மாட்டில் வைத்தாள். அவன் அதை எடுக்காமல் நின்றான்.

"அண்ணன் எந்த இடத்துல இருக்கார்னு தெரியுமா அண்ணி?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த இடத்தை மட்டும் விட்டுட்டு நட்டிருப்பேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். அன்று அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மழை பிடித்ததும் சரிவு மறுபடி இறங்கித் தோட்டத்தை மூடியது. அவள் அப்போது ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்ததால் பிழைத்தாள். மண் நின்ற பிறகு, மரவள்ளிக் குச்சிக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறப் போனவளை அமோஸ் கையைப் பிடித்து நிறுத்தினான். போகாதீங்க, பாறையில் பாதியை எடுத்துக்கோங்க என்று கெஞ்சினான்.

"அதுல என்ன விளையும்?" என்று கேட்டுக் கையை விடுவித்துக்கொண்டாள். சரிவில் ஏறி, ஈர மண்ணில் முழங்கால் புதையப் புதைய, குனிந்து குச்சிகளை நடத் தொடங்கினாள்.