நிலத்திலிருந்து தூக்கியவர்

அடுப்பில் பால் பொங்கி வரும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. தவமணி அக்காவின் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான். "வசந்தியக்கா, தவமணியக்கா மோசம் போட்டா. நெஞ்சு நோகுதெண்டவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சுது."

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் என் வாயிலிருந்து வந்தது ஒரு கேள்வி: "அப்ப, அண்ணையை ஆர் தூக்கிறது?" அக்காவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும். அறியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

இணுவிலைச் சேர்ந்த திருமதி தவமணி சிவபாதம் அவர்கள் எங்கள் தபாற்கந்தோருக்கு அதிபராக இருந்தவர். நான் அவருக்குக் கீழே முத்திரை விற்றவள். கண்டிப்பென்றால் அப்படியொரு கண்டிப்பு. ஊர்ப் பெரியவர் யாரும் வரிசையைத் தாண்டி முன்னால் வந்தால், கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "உங்கடை முறை வரும், நில்லுங்கோ" என்பார். பெரியவரும் திரும்பிப்போய் வரிசையில் நிற்பார். ஆனால் அந்த நாட்களில் ஒரு தபால் மூட்டையை அவர் கையால் தொட்டு நான் கண்டதில்லை. மெலிந்த உடம்பு. பலமெல்லாம் நாக்கிலேதான் இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற சிறிது காலத்தில் அவருடைய கணவர் சிவபாதம் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்தது. அண்ணை லொறி ஓட்டியவர், ஆள் மலைபோல இருப்பார். வலது பக்கம் விழுந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சில நாளில் விறாந்தையில் சறுக்கி விழுந்தார். அக்கா இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. வீட்டு முன் ஒழுங்கைக்கு ஓடிக் கத்தினார். ஆம்பிளைகள் வந்து ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கியபோது அண்ணை இடுப்பில் உடுத்திருந்த சாரம் அவிழ்ந்து போய்விட்டது. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. "இனி விழுந்தா அப்பிடியே கிடக்க விடும். ஊரைக் கூப்பிடாதையும்" என்று மட்டும் சொன்னார்.

ரொறன்ரோவில் இருக்கும் மகன் ரமேஷ் கேள்விப்பட்டு, அப்பாவை ஒரு முதியோர் இல்லத்தில் விடலாம் என்றான். அவனிலும் பிழை சொல்ல ஏலாது. அக்கா சண்டை பிடிக்கவில்லை. "தைப்பொங்கல் மட்டும் பொறு. அதுக்குள்ளை என்னாலை உன்ரை அப்பாவைத் தனியத் தூக்க ஏலாட்டில், நீ சொன்னபடி செய்யலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் அண்ணைக்குப் பயிற்சி கொடுத்த மிஸ், அக்கா தூக்க முயன்ற விதத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் முதுகாலை தூக்கிறியள் அன்ரி. தொடையாலை தூக்கவேணும். உங்கடை தொடையில பலம் காணாது" என்று சொன்னாராம். மேலிடத்திலிருந்து வந்த உத்தரவைப் போல அக்கா அதை எடுத்துக்கொண்டார். அடுத்த கிழமையே என்னை இழுத்துக்கொண்டு ரவுணுக்குப் போய், மூடிவிட்ட ஜிம் ஒன்றின் சாமான்கள் விற்ற கடையில் பாரம் தூக்கும் இரும்புத் தண்டான பார்பெல் ஒன்றுக்கு விலை பேசினார்.

"மகனுக்கோ அம்மா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

மனிதர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "ஸ்டாண்ட் வித்துப் போச்சு. அது இல்லாமல் கால் பயிற்சி சரிவராது அம்மா" என்றார்.

"என்ரை மனுசன் ஸ்டாண்டிலயோ விழுறார்? நிலத்தில விழுறார் தம்பி. நிலத்திலயிருந்து தூக்கத்தான் நான் பழகவேணும். உந்தத் தண்டைக் கட்டித் தாரும்."

முதல் நாள் பெரும் கூத்து. வீடியோ பார்த்துவிட்டு, வெறும் தண்டைத் தலைக்கு மேலால் தூக்கிப் பிடரியில் வைக்கப் போனார். தண்டு பின்பக்கமாகப் போய்க் கோழிக்கூட்டை நொறுக்கியது. கோழிகள் ஒழுங்கை முழுக்க ஓடின. மிஸ் கேள்விப்பட்டு நன்றாக ஏசினார். தாங்க ஸ்டாண்ட் இல்லாத இடத்தில் பிடரியில் பாரம் ஏற்றக்கூடாது, முன்னால் பிடித்தால் ஏலாத நேரம் கீழே விட்டுவிடலாம் என்று விளங்கப்படுத்தினார்.

அதன்பிறகு கிணற்றடியில் இரண்டு பக்கமும் சீமெந்துக் கற்களை அடுக்கி, அவற்றின்மேல் தண்டை வைத்தார். அதில் துவாய்த் துண்டைச் சுற்றி, இரண்டு முழங்கை மடிப்பிலும் தண்டை ஏந்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்தி எழும்புவார். பழகப் பழக ஒவ்வொரு கல்லாக எடுத்தார். பாரம் கூடியதைவிட, கல் குறைந்ததில்தான் அவருக்குப் பெருமை. கடைசியில் கல்லே இல்லை. தண்டை நிலத்திலிருந்து தொடைக்கு எடுப்பது, தொடையில் தாங்கிக் குந்துவது, முழங்கையை உள்ளே கொடுத்து ஏந்தி எழும்புவது. ஒரு ஆளைத் தூக்குவதும் இதே ஒழுங்குதான்.

வீட்டில் போடும் சோட்டியோடு நின்று இரும்பு தூக்கும் பெண்ணை ஊர் சும்மா விடுமா? மதிலுக்கு மேலால் ஒருத்தி, "தவமணிக்கு விசர் முத்திப் போச்சு" என்றாள். "ஓம், கொஞ்சம் விசர்தான். நீயும் வாவன்" என்றார் அக்கா. அவள் வரவில்லை, நான் அகப்பட்டேன். "என்ரை மனுசன் நல்லா நடக்கிறாரே அக்கா" என்று மறுத்துப் பார்த்தேன். "இண்டைக்கு நடக்கிறார்" என்றார். அடுத்த நாள் காலை நானும் கிணற்றடியில் நின்றேன். எனக்குத் தொடை நொந்து மாடிப்படி இறங்கமுடியாமல் போன நாட்களில் மனதுக்குள் அவரை நன்றாகத் திட்டியிருக்கிறேன்.

மார்கழி முடிகிற நேரம், குளித்துவிட்டு வந்த அண்ணை அடுப்படி வாசலில் விழுந்தார். நான் அங்கே நின்றேன். வாயைத் திறக்கப் போன என்னை, "கத்தாதை. கதிரையைக் கொண்டு வா" என்று அக்கா அடக்கினார். எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று ஆறுதலாகத் தடவிப் பார்த்தார். அண்ணையை நிலத்தில் நிமிர்த்தி இருத்தினார். முன்னால் குந்தி, கக்கத்துக்குள் கைகளைக் கொடுத்து நெஞ்சோடு அணைத்தார். "இஞ்சேருங்கோ, இடது காலை ஊண்டுங்கோ. மூச்சைப் பிடியுங்கோ." அக்காவின் தொடை நடுங்கியது. நான் முருகனைக் கூப்பிட்டேன். அண்ணை எழும்பினார்!

கதிரையில் அமர்ந்தபிறகு அண்ணை மெதுவாகக் கேட்டார்: "என்னைப் பார்சல் எண்டு நினைச்சீரோ?"

"பார்சல் எண்டா நெத்தியில முத்திரை ஒட்டியிருப்பன்" என்றார் அக்கா. மூவரும் சிரித்தோம், பிறகு அழுதோம். அன்றே மகனை அழைத்து, "தம்பி, உந்த இல்லக் கதையை விடு" என்றார்.

அதோடு நிற்கவில்லை. "எனக்குக் காய்ச்சல் வந்தா ஆர் தூக்கிறது?" என்று சொல்லி என்னையும் அண்ணையைத் தூக்கப் பழக்கினார். "எழுப்பிறதைவிட இருத்திறதுதான் கவனம். பொத்தெண்டு விடாதை" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். காய்ச்சல் என்று அவர் எதை நினைத்துச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது.

செத்தவீட்டன்று ரமேஷ் வந்து சேர்ந்திருந்தான். பறை முழங்கியது. பெண்கள் சுடலைக்குப் போகாமல் வாசல் படலையோடு நிற்கவேண்டும் என்பதால் நாங்கள் முற்றத்தில் ஒதுங்கினோம். பிரேதத்தைத் தூக்கப் போகிற நேரம், சக்கர நாற்காலியில் இருந்த அண்ணை, "பொறுங்கோ, நான் எழும்பவேணும்" என்றார். ஆம்பிளைகள் பாய்ந்து தோளைப் பிடித்தார்கள். அண்ணை உதறினார். "விடுங்கோ! வசந்தி, நீர் வாரும். அவளை நான் கதிரையில இருந்துகொண்டு அனுப்பமாட்டன்."

சேலையைச் செருகிக்கொண்டு அவர் முன்னால் குந்தினேன். கைகளைக் கொடுத்தேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, பார்க்கட்டும் என்று விட்டேன். தொடையால் எழும்பினேன். அண்ணையும் எழும்பினார். பறைச் சத்தம் ஒழுங்கை திரும்பி மறையும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவரை இருத்தப் போனபோது, சுடலைக்குப் போகவேண்டிய ரமேஷ், எங்களைப் பார்த்தபடி பின்தங்கி நின்றவன், படலையிலிருந்து திரும்பி ஓடி வந்தான். "அன்ரி, இருத்திறது எப்பிடி எண்டு எனக்குக் காட்டிப்போட்டு விடுங்கோ" என்றான். இருவருமாகப் பொத்தென்று விடாமல் இருத்தினோம். பிறகுதான் கொள்ளி வைக்க ஓடினான். திரும்பிப் போகும் பயணத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறான். கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தபிறகு என்ன செய்வான் என்று நான் கேட்கவில்லை. நான் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறேன். தண்டும் கிணற்றடியில் கிடக்கிறது, காலையில் அதை நான் தூக்குகிறேன்.

அக்கா, நீங்கள் படலையைத் தாண்டும்போது அண்ணை நின்றுகொண்டிருந்தார். போய்வாருங்கள்.