பதினேழாம் குப்பி

மார்லீன் டைக் கனடாவின் சாஸ்கடூன் நகரில், எங்கள் பல்கலைக்கழக வேதியியல் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் ஆய்வகப் பணியாளராக இருந்தார். கணவர் பிரிந்துபோன பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டவர். மதியச் சாப்பாடுகூட அளவைக் கருவி இருக்கும் அறைக்கு வெளியே, தனியாகத்தான்.

அவருடைய கடைசி வேலை பெரோவ்ஸ்கைட் நானோ படிகங்களோடு. திரவத்தில் மிதக்கும் அந்த நுண்மணிகள் புற ஊதா விளக்கில் தூய பச்சையாக ஒளிரும். ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள மூலக்கூறுப் போர்வை சீக்கிரம் உதிரும்; மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி மங்கிப்போகும். மாணவர்கள் விதவிதமான போர்வை போட்டுப் பார்ப்பார்கள். எது எத்தனை நாள் தாங்குகிறது என்று வாரந்தோறும் அளந்து எழுதுவது மார்லீன்.

ரோமன் ஹ்னாட்டிவ் என்ற மாணவன் சோயாவிலிருந்து எடுத்த லெசிதின் என்ற கொழுப்புப் பொருளைப் போர்வையாக்கினான். அந்தத் திரவம் இருந்ததுதான் பதினேழாம் குப்பி. மற்றவை பளீரென்று இருக்க, அது முதல் நாளே சற்று மங்கல். கொட்டிவிடச் சொன்னார் ஆய்வை நடத்திய பேராசிரியர். அந்தக் கோடையில் ரோமன் படிப்பை விட்டு, உரத்துக்கான பொட்டாஷ் உப்பு வெட்டும் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனான். அடுத்த வசந்தத்தில் பேராசிரியரும் மாணவர்களோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஆய்வு மானியம் முடியும்வரை அளப்பதற்கு மார்லீன் மட்டும் தங்கினார்.

பளீரென்றிருந்த குப்பிகள் ஒவ்வொன்றாக மங்கின. நானூறாவது நாள் ரோமனுக்குப் போன் செய்தார். நான் அப்போது துறைக் கிடங்கிலிருந்து கண்ணாடிச் சாமான் கொடுக்கப் போயிருந்தேன்; போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"உன் பதினேழு இன்னும் ஒளிருது. முதல் நாள் வெளிச்சத்துல நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு."

"அதைக் கொட்டச் சொன்னாரே?"

"அலமாரியில இடம் இருந்துச்சு. விட்டுட்டேன்."

"அப்பவே சொல்லியிருந்தா இருந்திருப்பேன், மார்லீன்," என்றான்.

"அப்ப எனக்கே தெரியாதுப்பா. தெரியறதுக்கு நானூறு நாள் ஆச்சு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். இருட்டறையில் இருவரும் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். சுரங்கத்தில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் தன் தலைவிளக்கைத் தவிர வேறெதுவும் ஒளிராது என்று சொல்லிச் சிரித்தானாம். திரும்பப் படிக்க வருகிறாயா என்று மார்லீன் கேட்டதற்கு, ராத்திரிப் பனியில் சாலை உறைவதற்குள் கிளம்பணும் என்றானாம்.

பதினேழைப் பற்றிப் பேராசிரியர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அவன் பெயர் மூன்றாவதாக வந்தது. மார்லீன் பெயர் நன்றிப் பகுதியில்.

பிப்ரவரியில் மானியம் முடிந்தது, அதோடு மார்லீனின் வேலையும். படிகங்களில் ஈயம் இருப்பதால் குப்பிகளைக் கழிவுப் பிரிவினர் எடுத்துப்போனார்கள். அன்று காலையும் மார்லீன் பதினேழை அளந்து, எண்ணைக் கணினியில் பதிந்தார். அதை இனி யார் திறந்து பார்ப்பார்கள் என்று என்னிடம் கேட்டார்.


மேல்கோட்டு மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் போனார்.