அடாப்டருக்குள் இருந்த தகடு

அஃப்ஷாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. பேச்சு நின்றுவிடும். கண் மட்டும் எதிரில் இருப்பவரை விட்டு நகராது. மும்பை மாட்டுங்காவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பத்ரிநாராயணன் ஏழு வருடமாக இதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் தாராவியில் பிறந்தவள். திருநெல்வேலி மேலப்பாளையத்திலிருந்து வந்து தோல்பை பட்டறை போட்ட ஜெயினுலாப்தீனின் மூன்றாவது மகள். இருபத்துநாலு வயதில், சொந்தத்தில் ஒரு நிக்காஹில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஆம்பளை வரக்கூடாது என்று சொன்னபோது, யாரோ ஒருவரின் கேமராவை வாங்கி அவள் எடுத்தாள். படங்களைப் பார்த்தவர்கள் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்படியே தொழிலாகிவிட்டது. பிறகு பத்ரி தன் ஸ்டுடியோவுக்கு வரும் கல்யாணங்களுக்கும் அழைக்க ஆரம்பித்தார். சம்பள ஆள் இல்லை, வேலைக்கு வேலை கூப்பிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கினாள். கூட வந்த லென்ஸ் வெயிலில் நன்றாக எடுக்கும், மண்டப வெளிச்சத்தில் திணறும். புது லென்ஸ் அவளுக்கு எட்டாது. ஃபிலிம் காலத்து ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், ஆனால் குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே முகத்தைப் பிடித்துவிடும். பழைய லென்ஸ் இந்தக் காலத்து கேமராவில் நேராக உட்காராது. நடுவில் ஒரு உலோக வளையம் வேண்டும். அடாப்டர் என்பார்கள். கேமரா கம்பெனி அதைச் செய்வதில்லை, வேறு கம்பெனிகள் செய்கின்றன. அஃப்ஷா அப்படி ஒன்றை வாங்கிப் பொருத்தினாள். லென்ஸ் அதில் கொஞ்சம் ஆடும். இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அவ்வளவுதான் அதன் குறை.

போன தை மாதம் பத்ரி அந்த கேமராவை லென்ஸ், அடாப்டரோடு ஒரு வாரம் இரவல் கேட்டார். "லோனாவ்லாவில ஒரு அவுட்டோர் ஷூட் இருக்கும்மா. உன் பழைய லென்ஸ்ல வர்ற அந்த லுக் வேணுங்கறா." கொடுத்தாள். ஒரு கல்யாணத்தன்று காலை மண்டபத்தில்தான் திருப்பித் தந்தார்.

செம்பூர் பாகீரதி மாமியின் மகள் சாதனாவின் கல்யாணம் அது. விடிந்ததிலிருந்து மணப்பெண்ணின் அறையில் அஃப்ஷா எடுத்துக்கொண்டிருந்தாள். மருதாணிக் கை, ஜடை, மூக்குத்தி, கண்ணாடியில் தெரிந்த முகம். எல்லாம் கத்தி மாதிரி கூர்மையாக வந்தன. லென்ஸ் இப்போது ஆடவில்லை என்பதைக் கவனித்தாள். சந்தோஷம்கூடப் பட்டாள்.

முகூர்த்தத்துக்கு முன் பத்ரி வந்து, "முன்னாடி வீடியோ நிக்கும். நீ பின்னாடி ஸ்டூல் மேல நின்னுக்கோ" என்றார். மேடையிலிருந்து பத்து மீட்டராவது இருக்கும். அவள் ஸ்டூலில் ஏறி ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாள். கடைசிவரை திருப்பியும் மணமகன் முகம் மங்கலாகவே நின்றது. மறுபடி திருப்பினாள். அதேதான்.

இறங்கிப் போய்ச் சொன்னாள். "சார், தூரத்துல ஃபோகஸ் நிக்க மாட்டேங்கு. என்னமோ ஆயிருக்கு. நான் முன்னால வந்து எடுக்குதேன்."

"வீடியோல உன் முதுகுதான் விழும். போ, போய் எடு. அப்புறம் பாத்துக்கலாம்."

"என் இன்னொரு லென்ஸாவது குடுங்க சார்."

கேமராவோடு வந்த அந்த லென்ஸ் பத்ரியின் உத்தரவுப்படி ஜெயராமின் வீடியோ கேமராவில் இருந்தது. சுனாபட்டிக்காரரான ஜெயராம் பதினைந்து வருடமாக பத்ரியிடம் வேலை செய்பவர். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்தது. மேடைப் பக்கம் போகப் பார்த்தவளை பத்ரி குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். அஃப்ஷா ஸ்டூலுக்கு ஓடினாள். தாலி கட்டியதை மங்கலாகவே நாற்பது படம் எடுத்தாள்.

பத்து நாள் கழித்து பாகீரதி மாமி ஸ்டுடியோவுக்கு வந்தார். அஃப்ஷாவும் ஜெயராமும் அங்கே இருந்தார்கள். பத்ரி கம்ப்யூட்டரில் படங்களை ஓட்டினார். மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கேட்டார்.

"தாலி கட்டறது ஒண்ணுகூடத் தெளிவா இல்லையே பத்ரி?"

பத்ரி அஃப்ஷாவைக் காட்டினார். "நான் என்ன மாமி பண்றது? எங்கயோ பழைய லென்ஸைப் பொறுக்கிண்டு வந்து, அதுக்கு ஒரு தேர்ட் பார்ட்டி அடாப்டரை மாட்டிண்டு வந்துட்டா. படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கையும் நடுங்கியிருக்கு. இவளும் நம்ம ஸ்டாஃப் இல்ல, தேர்ட் பார்ட்டிதான். ரெண்டுக்கும் நான் கேரண்டி குடுக்க முடியுமா?"

மாமி அவளைப் பார்த்து, "ஒரே பொண்ணும்மா எனக்கு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பத்ரி, "ஸாரி சொல்லு" என்றார். அஃப்ஷா சொன்னாள். சொன்ன வாய் வீடு வந்து சேரும்வரை கசந்தது.

"கை நடுங்கிச்சாம் மச்சான்," என்றாள் கணவன் தாஹிரிடம். "மூக்குத்தியில இருக்க கல்லை எண்ணலாம். அப்பல்லாம் நடுங்காத கை, பத்து மீட்டருக்கு அப்புறந்தான் நடுங்குமா?"

"விடு, வேற வேலையா இல்ல?" என்றான் தாஹிர். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன், "சரி, என்ன செய்யணும், சொல்லு" என்றான்.

மறுநாள் மத்தியானம் தொண்ணூறடி சாலைக்குப் போனார்கள். அவர்கள் வீட்டுச் சந்தில் நேராக ஐந்து மீட்டர் பார்க்க இடம் கிடையாது. ஒரு பேக்கரி போர்டை இரண்டு மீட்டரிலிருந்து எடுத்தாள். பெயின்ட் வெடிப்பு தெரிந்தது. நான்கு மீட்டரில் எழுத்து நன்றாக இருந்தது. எட்டில் மங்கியது. பதினைந்தில் போர்டு வெறும் சிவப்புக் கறை. தாஹிர் ஆட்களை ஒதுக்கிவிட்டான். மூன்று முறை எடுத்தாள், மூன்று முறையும் அப்படியே.

லென்ஸ் கேமராவிலிருந்து இருக்க வேண்டியதைவிட ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தாலும் தூரத்துக் காட்சி தெளியாது. அது அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அடாப்டரின் நான்கு திருகுகளைக் கழற்றினாள். உள்ளே, பிஸ்கட் டின்னிலிருந்து வளையமாக வெட்டிய இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேல் தகட்டில் டின்னின் நீலப் பூ ஒன்று பாதியாகத் தெரிந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் என் பொருளைப் பிரித்து உள்ளே தகரத்தை வைத்துவிட்டு, என் கை நடுங்கியது என்று மாமி முகத்துக்கு எதிரே சொன்னாயே என்று சுவரிடம் பேசினாள். மகள் பரீஹா பாடப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

ஜெயராமை சுனாபட்டி ஸ்டேஷனுக்கு வெளியே பிடித்தாள். தகடுகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"லென்ஸ் ஆடுதுன்னு சார்தான் டைட் பண்ணச் சொன்னார். நான்தான் வெட்டி வச்சேன். லோனாவ்லாவுல எல்லாம் கிட்டக்க எடுத்ததால ஒண்ணும் தெரியல. கடைசி நாள் மலையை எடுத்தப்போ வரல. அப்பவே சொன்னேன், எடுத்துரலாம்னு. டைம் இல்ல, அப்படியே குடுன்னார்."

"தெரிஞ்சே குடுத்தாரா?"

"ஆமா."

"நீங்களும் தெரிஞ்சே நின்னீங்க. அவர் என்னையப் பேசுறப்ப அங்கனதான இருந்தீங்க, ஜெயராம் அண்ணே?"

"எனக்கும் வேலை வேணும்ல, அஃப்ஷா?" என்றார் அவர். அவள் தகடுகளைக் கைக்குள் மூடிக்கொண்டு நடந்தாள்.

நேராக ஸ்டுடியோவுக்குப் போகத்தான் கால் இழுத்தது. போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் பாகீரதி மாமியின் வீட்டு மணியை அடித்தாள். மாமி கதவைப் பாதி திறந்து, "என்ன?" என்றார்.

"மாமி, பத்து நிமிஷம் குடுங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன்."

தகடுகளை முன்போலவே உள்ளே வைத்து மூட்டிக் கொண்டுவந்திருந்தாள். பால்கனியில் நின்று, அப்படியே எதிர்க் கட்டடத்தின் பெயர்ப் பலகையை எடுத்துக் காட்டினாள். பிறகு மாமியின் கண் முன்னால் திருகுகளைக் கழற்றி, தகடுகளை எடுத்து மேஜையில் வைத்து, மறுபடி மூட்டி, அதே பலகையை எடுத்தாள். பலகையில் எழுதியிருந்த வருஷத்தைக்கூடப் படிக்க முடிந்தது. மாமி இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். போனை எடுத்து பத்ரியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"பத்ரி, இந்தப் பொண்ணோட அடாப்டர்ல டின் தகடை வச்சது யாரு?"

"அது ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் மாமி. தேர்ட் பார்ட்டி ஐட்டம்னாலே இப்படித்தான்..."

"வச்சது நீயா, இல்லையா?"

"ஆள் வச்சான்."

"அவகிட்ட சொன்னியா?"

"அது வந்து மாமி..." மாமி போனை வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது. அஃப்ஷாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த நேரத்தில்தான் மாமி கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. மங்கலா வர்றதுன்னு உனக்கு அங்கயே தெரிஞ்சுதோல்லியோ? என்கிட்ட ஒரு வார்த்தை வந்து சொல்லப்படாதோ? தாலி கட்டறதுக்கு அரை நிமிஷம் நிறுத்தியிருப்பேனே."

அஃப்ஷா வாயைத் திறந்தாள். பத்ரி கையை நீட்டித் தடுத்தது ஞாபகம் வந்தது. ஒரு கைதான் அது. தட்டிவிட்டுப் போயிருக்கலாம். "பயந்துட்டேன் மாமி" என்றாள். பத்ரிமேல் வந்த கோபத்தைவிட, தட்டிவிட்டுப் போகாத தன்மேல் வந்த கோபம் பெரியதாக இருந்தது.

மாமி காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தாள். சாதனாவின் ஆல்பத்தில் தாலி கட்டும் படமாக, சித்தப்பா ஒருவர் போனில் எடுத்தது ஒட்டப்பட்டது. அஃப்ஷா எடுத்த மூக்குத்திப் படம் முதல் பக்கத்தில் வந்தது என்று மாமி பிறகு செய்தி அனுப்பினார்.

பத்ரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டுடியோ நடக்கிறது, ஜெயராம் அங்கேயேதான் இருக்கிறார். அஃப்ஷா அந்தப் படி ஏறுவதை நிறுத்தினாள். தாணே, லேபர் கேம்ப், சயான் என்று பல வட்டாரங்களில் தானாகவே வேலை பிடித்தாள். முதல் இரண்டு மாதம் கையைப் பிசைந்துகொண்டு இருந்தாள். பிறகு வேலை வர ஆரம்பித்தது.

ஆவணி பிறக்கும் முன் பத்ரி கூப்பிட்டார். "சீசன் ஆரம்பிக்கப் போறதும்மா. நாலு கல்யாணம் இருக்கு. பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதே."

"மனசுலதான் சார் வச்சிருக்கேன்," என்றாள் அவள். "வேற எங்க வைக்கச் சொல்லுதீய?"

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் போனை அணைத்துவிட்டு, தாணேயில் ஒரு வளைகாப்புக்குப் போக பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.